உள்சுவரில் ஏர்பிரஷ்: எந்தப் பெயிண்ட், எவ்வளவு தண்ணீர்?

கேள்வி, மார்ச் 2

குழந்தைகள் அறையில் ஒரு சுவர் முழுக்க வானமும் மலையும் வரையப் போகிறேன். 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். கையில் ஏர்பிரஷ் (பெயிண்டைக் காற்றழுத்தத்தில் தூவுகிற, பேனா மாதிரியான கருவி) இருக்கிறது, பெயிண்ட் வெளியே வருகிற நாசில் 0.3 மி.மீ. சுவருக்கு அடிக்கிற எமல்ஷனையே தண்ணீர் விட்டு இளக்கி அடிக்கலாமா, இல்லை ஏர்பிரஷுக்கென்று விற்கிற பெயிண்ட்தான் வாங்க வேண்டுமா? எல்லோரும் பால் பதத்துக்குக் கரைக்கச் சொல்கிறார்கள். அது எவ்வளவு தண்ணீர்?

பதில், மார்ச் 2, இரவு

தாராளமாக அடிக்கலாம். மேட் எமல்ஷன், பாதிக்குப் பாதி தண்ணீர், பழைய நைலான் சாக்ஸில் ஒரு தடவை வடிகட்டு, ஊற்று, அடி. நான் ஒரு முழுச் சுவரை அப்படித்தான் முடித்தேன். தனிப் பெயிண்ட் எல்லாம் காசைக் கரியாக்குகிற வேலை.

மார்ச் 3, காலை

தூக்கக் கலக்கத்தில் பதில் எழுதக் கூடாது. சுவரை முடித்தேன் என்பது உண்மை. அப்புறம் அது என்ன ஆனது என்பதை விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அதில் ஒரு கைரேகை அழுக்கு தெரிந்தது. ஈரத்துணியால் ஒரு இழு இழுத்தேன். துணியில் நீலம் வந்தது. பதறிப்போய் இன்னொரு இழு. மலைக்கு நடுவே வளைந்து போகிற வெள்ளைச் சாலை மாதிரி ஒரு தடம் விழுந்துவிட்டது. இன்றைக்கும் இருக்கிறது.

பெயிண்ட் என்பது நிறத்தூள், அதைச் சுவரோடு பிடித்துவைக்கிற பசை, தண்ணீர், அதற்கு மேல் சில சில்லறை மருந்துகள். மேட் எமல்ஷனில் பளபளப்பு வரக் கூடாது என்பதற்காகவே தூளை ஏற்றிப் பசையைக் குறைத்து வைத்திருப்பார்கள். ஏற்கெனவே பசை குறைவு. அதில் நான் பாதிக்குப் பாதி தண்ணீரை விட்டிருக்கிறேன். தூள் சுவரில் உட்கார்ந்திருந்தது, ஒட்டவில்லை.

ஆகவே நேற்றைய பதிலில் சாக்ஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை மறந்துவிடுங்கள்.

மார்ச் 3, மதியம்

உங்களிடம் இருப்பது 0.3 என்பதை இப்போதுதான் கவனித்தேன். நான் அடித்தது 0.5.

0.3 மி.மீ. என்றால் 300 மைக்ரான். பெயிண்டில் இருக்கிற டைட்டானியம் வெள்ளைத் துகள் 0.2, 0.3 மைக்ரான்தான். கணக்குப் பார்த்தால் ஒரு ஊர்வலமே போகலாம். ஆனால் நடுவில் ஊசி நிற்கிறது. ட்ரிகரை லேசாக இழுத்தால் ஊசிக்கும் நாசிலுக்கும் இடையில் திறப்பது மயிரிழை அளவு வளையம். சுவர்ப் பெயிண்டில் டைட்டானியம் மட்டும் இல்லை, சுண்ணாம்புத்தூள், டால்க், பளபளப்பைக் குறைக்கிற சிலிகா எல்லாம் இருக்கும். அவை பெரிய துகள்கள். டப்பா மூடியில் காய்ந்து உதிர்கிற பொருக்கு அதைவிட மோசம். அடைக்கிறது பெரும்பாலும் அந்தப் பொருக்குதான்.

0.3 வைத்துக்கொண்டு சுவர் எமல்ஷனோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு 0.5 வேண்டும், 0.8 இருந்தால் நிம்மதி. உங்கள் 0.3க்கு ஏர்பிரஷ் அக்ரிலிக், இல்லை ஓவியர்கள் வாங்குகிற ஃப்ளூயிட் அக்ரிலிக்கோடு ஏர்பிரஷ் மீடியம் (பெயிண்டை இளக்கச் சேர்க்கிற நிறமில்லாத திரவம்). கோல்டன் நிறுவனத்தின் ஹை ஃப்ளோ போன்றவை பெரும்பாலும் அப்படியே ஊற்றி அடிக்கிற அளவுக்கு இளகலாக வரும். ட்யூபில் வருகிற கெட்டியான ஹெவி பாடி வேண்டாம். கரைத்துக் கரைத்துக் கை ஓய்ந்துவிடும், நடுவில் ஒரு கட்டி கரையாமல் தப்பித்து நேராக நாசிலுக்குப் போய் உட்காரும்.

மார்ச் 5

பால் பதம். இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ. எந்தப் பால்? கறந்த பாலா, ஆடை எடுத்த பாலா, சுண்டக் காய்ச்சியதா?

கண்ணால் பார்த்துப் பதம் சொல்வதில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. சுவர் எமல்ஷன் வாளியில் தயிர் மாதிரி நிற்கும், ரோலர் உருட்டினால் இளகும், சுவரில் ஏறியதும் மறுபடி நின்றுகொள்ளும். வழியாமல் இருக்க அதற்கென்றே மருந்து போட்டுத்தான் செய்கிறார்கள். அதனால் கப்பில் கெட்டியாகத் தெரிவது நாசிலில் நன்றாகவே ஓடலாம். தண்ணீரை ஒரு அளவுக்கு மேல் விட்டால் அந்த மருந்தின் பிடி மொத்தமாக விட்டுப்போகும். கலவை திடீரென்று தண்ணீராகும், தூள் அடியில் இறங்கும். முதல் கப் வெளுப்பு, கடைசி கப் அடர்த்தி. ஒரே மலையில் இரண்டு நிறம்.

நான் இப்போது செய்வது இது. டிஜிட்டல் தராசில் எடை போட்டு, கலக்கி, கப்பின் ஓரத்தில் ஒரு துளி ஏற்றிவிடுவேன். துளி இறங்கும்போது பின்னால் மெல்லிய திரை மாதிரி ஒரு படலம் நின்று, மெதுவாக விலக வேண்டும். படலமே நிற்காமல் சொட்டாக ஓடினால் அதிகத் தண்ணீர். கனமாக அப்பி அப்படியே நின்றால் போதாது. அப்புறம் சுவருக்கு அடித்த அதே பெயிண்டை அடித்த ஒரு பலகையில் கோடு போட்டுப் பார்ப்பேன். மணல் மாதிரி புள்ளி புள்ளியாக விழுந்தால் ஒன்று கலவை கெட்டி, இல்லை காற்று போதவில்லை. கோட்டிலிருந்து சிலந்திக் கால் முளைத்தால் அதிக இளகல், அல்லது அதிகக் காற்று, அல்லது கை சுவருக்கு மிகப் பக்கம்.

தராசில் வைப்பதானால் ஒன்று கவனம். வெள்ளை எமல்ஷன் ஒரு லிட்டர் 1.3 முதல் 1.5 கிலோ வரை இருக்கும். தண்ணீர் 1 கிலோ. பாதிக்குப் பாதி என்று ஒருவர் கப்பால் அளந்து சொன்னதை நீங்கள் தராசில் அளந்தால் இன்னும் தண்ணீராகப் போகும்.

மார்ச் 5, சற்று பின்

விகிதம் சொல்லு, விகிதம் சொல்லு என்றால் இதுதான் தொடக்கம். ஃப்ளூயிட் அக்ரிலிக் 1 பங்கு, ஏர்பிரஷ் மீடியம் 1 பங்கு. அங்கிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். 0.3க்கு காற்றழுத்தம் 20, 25 பிஎஸ்ஐ. சுவர் எமல்ஷனானால் 4 பங்குக்கு 1 பங்கு மீடியம், 1 பங்கு தண்ணீர், 0.5 அல்லது அதற்கு மேல், 30 முதல் 40 பிஎஸ்ஐ. டப்பாவுக்கு டப்பா மாறும். ஒரே டப்பா மழைநாளில் ஒரு மாதிரியும் வெயிலில் ஒரு மாதிரியும் நடக்கும்.

மீடியத்திலும் பசை இருக்கிறது. அதனால் அதை எவ்வளவு ஊற்றினாலும் நிறம் வெளுக்குமே தவிர ஒட்டாமல் போகாது. நேற்று முன்தினம் சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒரு வரிதான்.

மார்ச் 6

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இளக்கலாமா என்று ஒருவர் தனியே கேட்டிருக்கிறார். சில பெயிண்டில் நடக்கும். என் கப்பில் திரிந்து நூல் நூலாக வந்தது. ஊசி நுனியில் சீக்கிரம் காயவும் செய்யும். கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த அக்ரிலிக்கை நன்றாக இளக்கும்.

கழுவ அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம். ஊறவைத்தால் பித்தளையை அரிக்கும்.

மார்ச் 9

இன்று உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். முன்பே போட்டிருந்தால் எனக்கே நல்லது.

உங்கள் சுவர் 7.2 சதுர மீட்டர். ரோலரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 11 சதுர மீட்டர் வரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கோட்டுக்கு 650 மில்லி. அதில் பாதியளவு இளக்கினால் 975. ஏர்பிரஷின் மேல் கப் 7 மில்லி பிடிக்கும். 139 தடவை ஊற்ற வேண்டும். ஒரு கோட்டுக்கு. காற்றில் பறந்து போகிற பெயிண்டைச் சேர்க்காமல்.

என் சுவரில் நான் இதைத்தான் செய்திருக்கிறேன். கீழே பாட்டில் மாட்டுகிற சைஃபன் வகை என்பதால் எண்ணிக்கை தெரியவில்லை, முதுகுக்குத் தெரிந்தது.

ஆகவே கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போடலாம். சுவர் முழுக்க எந்தப் பெயிண்டை ஏர்பிரஷில் அடிப்பது என்பதை விடுங்கள். வானத்தின் அடிநிறம், மலைகளின் பெரிய உருவங்கள் எல்லாம் சாதாரண எமல்ஷனில் ரோலராலும் பிரஷாலும் போகட்டும், டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் இளக்காமல். அதன் மேல் நிழல், மூடுபனி, மேகத்தின் ஓரம், ஒரு மலை இன்னொரு மலைக்குப் பின்னால் மங்கிப் போகிற இடம், இவை மட்டும் ஏர்பிரஷுக்கு. அதற்கு ஊடுருவித் தெரிகிற நிறங்கள் போதும். 0.3 தாராளம். வேலையும் இரண்டு மாலையில் முடியும்.

வானத்தில் மேலே அடர்நீலம், கீழே வெளிர்நீலம் என்று ஒரே சீராகக் கரைந்து வர வேண்டுமானால் மட்டும் 0.8 மினி ஸ்ப்ரே கன் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். எமல்ஷனை அதில் ஊற்றலாம். காற்றை அழுத்தித் தருகிற கம்ப்ரஸர் மட்டும் தாக்குப்பிடிக்க வேண்டும். டேங்க் இல்லாத சிறிய கம்ப்ரஸர் மூச்சு வாங்கும்.

மார்ச் 10

வெள்ளை பற்றிச் சொல்லவில்லையே.

மேகம் அடிக்க எல்லோரும் வெள்ளையை எடுப்பார்கள். கருநீலத்தின் மேல் டைட்டானியம் வெள்ளையை மெல்லியதாகத் தூவிப் பாருங்கள், வெள்ளை வராது, சாம்பல் கலந்த நீலம் வரும். முதல் தடவை கப்பைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்து மூன்று முறை கழுவினேன். குற்றம் கப்பில் இல்லை. நுண்ணிய வெள்ளைத் துகள்கள் மெல்லிய படலமாக இருக்கும்போது நீல ஒளியைத்தான் அதிகமாகச் சிதறடிக்கின்றன. அடுப்புப் புகையைக் கறுப்புப் பின்னணியில் பார்த்தால் நீலமாகத் தெரிகிறதே, அதே கதை. தூரத்து மலைக்கு இது இனாமாகக் கிடைத்த வித்தை, வெறும் வெள்ளையைத் தூவினாலே தூரம் வந்துவிடும். மாலை வெயில் பட்ட மேகத்துக்குத்தான் தொல்லை. வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சளோ ஆரஞ்சோ விட்டால் சரியாகும். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டு.

மார்ச் 14

மார்ச் 3 குறிப்பில் பழி முழுவதையும் தண்ணீர் மேல் போட்டேன். மனசு ஒப்பவில்லை. அதே சுவரில், அதே கலவையில், கீழ்ப் பக்கம் புல் அடித்த இடம் துடைத்தால் போகவில்லை. மேலே வானமும் மலையும் மட்டும்தான் உதிர்கின்றன.

யோசித்துப் பார்த்தால், புல்லை 3, 4 செ.மீ. தூரத்திலிருந்து கோடு கோடாக அடித்தேன். மலையை ஏணியில் நின்று கையை நீட்டி ஒரு முழம் தள்ளி, 45 பிஎஸ்ஐ வைத்துத் தூவினேன். நல்ல வெயில் காலம், மேஜை மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. துளிகள் சுவரைத் தொடுமுன்பே பாதி காய்ந்திருக்கும். காய்ந்த துளி போய் உட்கார்ந்தால் ஒன்றோடொன்று கலந்து படலம் ஆகாது, தூளாகத்தான் நிற்கும். அக்ரிலிக் பிடிப்பது பசைத்துளிகள் ஈரத்தில் ஒன்று சேர்ந்து உருகினாற்போல இணைவதால்தான்.

அப்படியானால் தண்ணீர் பாதிக் குற்றவாளி. மீதி நான், தூரம், மின்விசிறி. இப்போது பெரிய பரப்புக்கு 15 செ.மீ.க்கு மேல் தள்ளிப் போவதில்லை. அடித்த உடனே சாய்த்துப் பார்த்தால் ஒரு கணம் ஈரம் மின்ன வேண்டும். மின்னாவிட்டால் தூள் தூவுகிறோம் என்று அர்த்தம். ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்துகிற மருந்து) சில சொட்டு விட்டால் நுனியில் காய்வதும் குறையும். அதிகம் விட்டால் இரவெல்லாம் பிசுபிசுக்கும்.

நுனியில் காய்வதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தனிப் புராணம். பஞ்சுக்குச்சியை ஈரமாக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஊசி நுனியைத் தொட்டுவிடுங்கள். விரல் நகத்தால் கிள்ளாதீர்கள். நான் கிள்ளித்தான் ஒரு ஊசியைக் கொக்கி ஆக்கினேன்.

மார்ச் 15

சுவரைப் பற்றி. பளபளப்பான சுவரில் இளகிய பெயிண்ட் நிற்காது, வழியும். மேட் சுவர் உறிஞ்சிக்கொள்ளும், ஏர்பிரஷுக்கு அதுதான் தோது. ஆனால் மேட் சுவரில் ஸ்டென்சிலை (உருவம் வெட்டிய அட்டையை) அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும். எதிலும் ஒரு வில்லங்கம்.

புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவரானால் 28 நாளாவது விடுங்கள். பச்சைச் சிமெண்டின் காரம் பிஎச் 12, 13 வரை போகும். சில நிறங்கள் வெளுக்கும், பசையும் கெடும். காய்ந்த பிறகு பிரைமர். 10 டிகிரிக்குக் கீழே போகிற குளிரில் அக்ரிலிக் அடிக்க வேண்டாம், படலம் சேராது.

ரோலர் விட்ட சொரசொரப்பைக் கவனியுங்கள். பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் மட்டும் நிறம் பிடிக்கும். இடமிருந்து பார்த்தால் நீலம், வலமிருந்து பார்த்தால் வெள்ளை. குட்டை ரோமம் உள்ள ரோலர் வாங்குங்கள், ஏர்பிரஷைச் சுவருக்கு நேராகப் பிடியுங்கள்.

மார்ச் 15, இரவு

முகமூடி. தண்ணீரில் கரைகிற பெயிண்ட்தானே என்று நான் இரண்டு வருடம் துணியைக் கட்டிக்கொண்டு அடித்தேன். மூக்கைச் சீந்தினால் வண்ணக் கோலம். தண்ணீர் ஆவியாகும், நிறத்தூளும் பசையும் எங்கே போகும்? குறைந்தது என்95, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். விசிறி வைப்பதானால் காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி ஜன்னலில், சுவருக்கும் உங்களுக்கும் நடுவில் அல்ல. கரைப்பானில் கரைகிற பெயிண்டை மூடிய அறைக்குள் தூவவே வேண்டாம், அது தீப்பிடிக்கிற சமாச்சாரம்.

இன்னொன்று, பெயிண்ட் குப்பியின் பின்பக்கத்தில் நிறத்தூளின் குறியீடு இருக்கும். பிஒய்35, பிஆர்108 என்றிருந்தால் காட்மியம். பிபி28 கோபால்ட். இவற்றைப் பிரஷால் தீட்டலாம், ஏர்பிரஷில் தூவக் கூடாது, மூச்சோடு உள்ளே போகும். பெயருக்குப் பின்னால் ‘ஹியூ’ என்று இருந்தால் பெரும்பாலும் மாற்று நிறம்தான், ஆனாலும் குறியீட்டைப் பார்த்துவிடுங்கள். நீலத்துக்கு பிபி15 தாலோ ஒன்று போதும். ஊடுருவித் தெரியும், வலுவான நிறம், ஒரு சொட்டு ஒரு கப்பையே சாப்பிட்டுவிடும்.

மார்ச் 21

குழந்தைகள் அறை என்பதால் மேலே வார்னிஷ் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும்தான். தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வார்னிஷ். ஒரு வாரம் காயவிட்டு அடிக்கிறேன், அவசரப்பட்டதில்லை.

மேட் வார்னிஷை இரண்டு மூன்று கோட் ஏற்றாதீர்கள். பளபளப்பைக் குறைக்க அதில் இருக்கிற தூள் அடர்நிறத்தின் மேல் பனி மாதிரி படியும், கறுப்பு சாம்பலாகும். முதல் கோட் பளபளப்பு வகை, கடைசியாக ஒரே ஒரு கோட் மேட். கருமலைகள் தப்பிக்கும்.

என் சுவருக்கு வார்னிஷ் அடித்திருந்தால் சாலை விழுந்திருக்காதே என்று ஒருவர் கேட்கிறார். விழுந்திருக்காது. அடித்திருக்க வேண்டும். அன்றைக்கு முதுகு வலி.

மார்ச் 22

டேப். வெள்ளை மாஸ்கிங் டேப்பைப் புதுப் பெயிண்டில் ஒட்டி ஒரு இரவு விட்டால் பெயிண்டோடு வரும். பிடிப்புக் குறைந்த வகை வாங்குங்கள், அதையும் ஒட்டுமுன் சட்டையில் ஒரு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறையுங்கள். ஸ்விட்ச் போர்டு, கதவு நிலை, தரை எல்லாவற்றையும் மூடுங்கள். விசிறி இறக்கைகளின் மேல்பக்கத்தை நான் மூடவில்லை. மூன்று வாரம் கழித்து விசிறியைப் போட்டபோது அறையில் லேசாக நீலப் பொடி பெய்தது.

ஏப்ரல் 19

வானத்தை ரோலரில் முடித்து மேகம் வரை வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மீந்த கலவையைப் பின்னால் ஒட்டுப்போட வைத்துக்கொள்ளலாமா என்பதற்குப் பதில்: இளக்கிய கலவையை வேண்டாம். அழுகாமல் காக்கிற மருந்தும் சேர்ந்து நீர்த்துப்போயிருக்கும், சில நாளில் நாற்றம் எடுக்கும். இளக்காத பெயிண்டை நிரம்பிய சிறு டப்பாவில் இறுக மூடி வையுங்கள். அதன் மேல் எத்தனை கிராம் எதில் எதைக் கலந்தேன் என்று எழுதி ஒட்டுங்கள்.

இதை எழுதியதும் எனக்கே ரோஷம் வந்து, மலை உதிர்ந்த இடத்தைச் சரிசெய்ய என் பழைய பாட்டிலைத் தேடி எடுத்தேன். மூடியைத் திறந்ததும் ஜன்னலையும் திறக்க வேண்டியதாயிற்று. அடியில் பாறை மாதிரி இறுகிய தூள். லேபிளில் என் கையெழுத்தில் ‘நீலம், கொஞ்சம் வெள்ளை’ என்று இருந்தது. எவ்வளவு கொஞ்சம் என்று யாரிடம் கேட்பது? நான்கு தடவை புதிதாகக் கலந்து பலகையில் அடித்துப் பார்த்தேன். நான்கும் வேறு வேறு மலை.

கடைசியில் அந்த வெள்ளைத் தடத்துக்கு இரண்டு ஓரமும் கோடு போட்டு, நடுவில் சிவப்பாக ஒரு பஸ் வரைந்துவிட்டேன். பிரஷால்.